பக்கெட் பல்லுக்கு மட்டும்

அட்டைப் பெட்டியின் மேல் என் கையெழுத்துதான்.
நீல மார்க்கர் வெளுத்து ஊதாவாகியிருக்கிறது:
'ஹார்டுஃபேசிங் ராடு. பக்கெட் பல்லுக்கு மட்டும்.
கேட்காமல் எடுக்கக் கூடாது.'

கேட்காமல்தான் எடுத்து வந்தேன்,
பதினோரு வருடம் முன்பு,
ஜெகதேவி ரோட்டுக் குவாரி மூடிய அன்று.
மூன்று மாதச் சம்பளம் பதிமூவாயிரத்து ஐந்நூறு.
முதலாளியின் போன் ஆந்திரா பக்கம் எங்கோ
அணைந்து கிடந்தது.
ஜாக்கியை ஒருவன் எடுத்தான், கேபிளை ஒருவன்.
டிரைவர் ஏகாம்பரம் சாவியில்லாத பூட்டை.
ஸ்டோர் கணக்கு எழுதியவளுக்குத் தெரியும்
எது சின்னது, எது விலை கூடியது என்று.
இரண்டு பெட்டி. ஐயாயிரத்து நானூறு.
மொபெட்டின் காலடியில் வைத்து
பர்கூர் வரை முழங்காலால் மறைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு பரணில், கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால்
பதினோரு மழையைக் குடித்தன.

இந்த ஆனியில்
ஒன்பது கலப்பையின் கொழுவும்
சப்பிப் போட்ட மாங்கொட்டையாகிவிட்டது.
எங்கள் மண் அப்படி.
சாண் இறங்கினால் சரளை, முழம் இறங்கினால்
பாறையின் முதுகு.
புதுக் கொழுவுக்குக் கடைக்காரர் சொன்ன விலையில்
ஒரு மூட்டை விதைக்கடலை வரும்.

சென்றாயன் முதல் ராடைக் கவ்வி உரசினார்.
நமுத்த பட்டாசு மாதிரி சடசடத்தது.
கொழுவின் மேல் ஒரு வரி,
இட்லியைப் பிட்டதுபோல் கண் கண்ணாய்.
'தண்ணி குடிச்சிருக்குது நாகவேணி.
வெயில்ல காயப் போட்டாப் பத்தாது, சுடணும்.
முந்நூறு டிகிரி, ரெண்டு மணி நேரம்.'
தகரக் கொட்டகையில் ஏது முந்நூறு டிகிரி?
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தோம்.

ஹயாத் பாய் சிரிக்கவில்லை.
'விஷம் கிஷம் இல்லையே?' என்றார்.
கடைசித் தட்டு வர்க்கி இறங்கியதும்
ஓட்டை விழுந்த ஒரு தட்டைத் தேடிக் கொடுத்தார்.
'இதத் திருப்பித் தர வேணாம்.'
பூச்சு உதிர்ந்தது போக நூற்றுப்பதிமூன்று ராடுகள்
பன் வேகிற இருட்டுக்குள் படுத்தன.
நான் வெளியே பெஞ்சில்
கண்ணாடி ஜாடியின் ரஸ்க்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எதையாவது எண்ணினால்தான் எனக்குக் கை ஓயும்.

சூடு ஆறுமுன் சாக்கில் சுற்றி எடுத்தபோது
ஏலக்காய் வாசம்.

இப்போது ராடு வேறு மாதிரி பேசியது,
எண்ணெயில் அப்பளம் பொரிகிற சீரில்.
முனையில் விரல் அகலத்துக்கு ஒரு வரி,
அதை ஒட்டி இன்னொன்று, குறுக்கே மூன்று.
ஆறும்போது 'டிக்' என்றது.
கொஞ்சம் விட்டு, மறுபடி 'டிக்'.
குனிந்து பார்த்தேன். வரிக்கு வரி மயிரிழை விரிசல்.
'உடைஞ்சிருச்சே!'
'அது அப்படித்தான். இது நீளாத இரும்பு, கீறிக்கும்.
அடி இரும்புக்குக் கீறல் போகாம இருந்தாச் சரி.'
அவர் அடுத்த கொழுவைத் திருப்பப் போய்விட்டார்.
நான் அங்கேயே நின்றிருந்தேன்,
இன்னொரு 'டிக்' வருகிறதா என்று.

வெள்ளிக்கிழமை, குவாரி ஓரத்து நிலம்.
வேலிக்கு அந்தப்பக்கம் பள்ளம் நிறையப் பச்சைத் தண்ணீர்.
யாரோ ஜிலேபிக் குஞ்சு விட்டிருக்கிறார்கள்.
பட்டப்பகலில் கல்லில் பொறி பறந்தது.
சால் திரும்பும் இடத்தில் இறங்கி
ஒவ்வொரு முனையாகத் தொட்டேன்.
சுட்டது. முனை முனையாகவே இருந்தது.
ஒன்றில் மட்டும் வில்லை பெயர்ந்திருந்தது,
சுடாத ராடை முதலில் பூசிய கொழு.

அன்று ராத்திரி ஸ்டோர் நோட்டை எடுத்தேன்.
(அதையும்தான் எடுத்து வந்திருந்தேன்.)
எழுதி நின்ற பக்கத்தில் அடுத்த வரி:
ராடு, ஐம்பத்து நான்கு. எதற்கு? கொழு.
பெற்றவர் இடத்தில் என் கையெழுத்து.
மேனேஜர் இடத்திலும்.
இருப்பு ஐம்பத்தொன்பது.
சம்பள பாக்கி, எட்டாயிரத்து நூறு.